16 கோடி விற்ற கறுப்புப் பெட்டி

இதுவரை வந்த வீடியோ கேம் கன்சோல்களிலேயே எது உசத்தி என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: பிளேஸ்டேஷன் 2. பிஎஸ்2 என்றால்தான் நம் ஊரில் தெரியும். சோனி நிறுவனம் அதை 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. 2013 ஜனவரியில்தான் உற்பத்தியை முழுதாக நிறுத்தியது. இடையில் விற்றது ஏறத்தாழ 16 கோடி. பதினாறு கோடி! வீட்டில் வைத்து விளையாடும் மெஷின் ஒன்று இந்த அளவுக்கு விற்றதே இல்லை. இந்த எண்ணின் பக்கத்திலாவது வந்தவை இரண்டே இரண்டு. நின்டெண்டோவின் டிஎஸ், அதே நின்டெண்டோவின் ஸ்விட்ச். இரண்டும் 15 கோடியைத் தாண்டியவை.

எனக்கு இந்தப் பெட்டி மேல் இருப்பது சாதாரணப் பிரியம் இல்லை. அதற்கு முன்னால் வந்ததையும் வைத்திருக்கிறேன், பின்னால் வந்ததையும் வைத்திருக்கிறேன். நண்பர்கள் வீட்டில் எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் என்று எல்லாவற்றிலும் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு அழகு உண்டு. ஆனால் ஏன் ஒன்று கோடிக்கணக்கில் விற்கிறது, அதே அளவு நல்ல இன்னொன்று ஏன் கடை அலமாரியில் தூங்குகிறது என்ற கேள்வி வரும்போதெல்லாம் என் கை தானாகவே பிஎஸ்2 பக்கம்தான் நீளும். பதில் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு தப்பான பதிலை ஓரமாக வைத்துவிடலாம். "எது வேகமானதோ, எதில் கிராஃபிக்ஸ் நன்றாக இருக்கிறதோ அதுதான் விற்கும்" என்று பலர் நம்புகிறார்கள். அப்படியென்றால் பிஎஸ்2 தோற்றிருக்க வேண்டும். அதன் இதயமான 'எமோஷன் எஞ்சின்' பிராசஸர் ஓடியது 294 மெகாஹெர்ட்ஸில். ரேம் 32 எம்பி. 2001இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 64 எம்பி ரேம், உள்ளேயே ஹார்டு டிஸ்க். அதே ஆண்டு வந்த நின்டெண்டோவின் கேம்கியூபும் படத் துல்லியத்தில் பிஎஸ்2வை மிஞ்சக்கூடியது. எக்ஸ்பாக்ஸ் விற்றது சுமார் 2 கோடியே 40 லட்சம். கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் பிஎஸ்2வின் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

அப்படியானால் எதுதான் காரணம்? இத்தனை வருஷம் இந்த மெஷின்களோடு குடித்தனம் நடத்தியதில் எனக்குப் பட்டது இதுதான்: கன்சோலுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அதில் விளையாடுபவர் இன்னொருவர். பையன் கேட்பான், அப்பா வாங்கித் தருவார். அக்கா சம்பளத்தில் வாங்குவாள், தம்பி விளையாடுவான். டிவி ஹாலில் இருக்கும், அந்த டிவி வீட்டில் எல்லோருக்கும் பொது. ஆக, விளையாடுபவரின் ஆசையை மட்டும் தீர்க்கும் மெஷின் ஓரளவு விற்கும். காசு கொடுப்பவருக்கும், டிவியைப் பங்கு போட்டுக்கொள்பவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் மெஷின்தான் கோடிகளில் விற்கும். பிஎஸ்2 வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் சொன்னது.

அப்பாவுக்கு என்ன லாபம்?

பிஎஸ்2வின் முதல் பெரிய மந்திரம் டிவிடி. 2000ஆம் ஆண்டில் டிவிடி பிளேயர் என்பது பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத பொருள். ஜப்பானில் பிஎஸ்2வின் விலை 39,800 யென். அதே காலத்தில் அங்கே ஒரு நல்ல டிவிடி பிளேயரை மட்டும் தனியாக வாங்கவே அந்த அளவுக்குப் பணம் வேண்டும். சோனியோ, ஒரே விலையில் டிவிடி பிளேயரையும் கொடுத்து, கூடவே அந்தக் காலத்தின் அதிநவீன விளையாட்டு மெஷினையும் கொடுத்தது. அதே மார்ச்சில் ஜப்பானில் 'தி மேட்ரிக்ஸ்' டிவிடி வெளியானது. பிஎஸ்2 வாங்கியவர்கள் கையோடு அந்த டிவிடியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தொடக்கத்தில் பிஎஸ்2வுக்கு வந்த கேம்கள் கொஞ்சம்தான். 'ரிட்ஜ் ரேசர் 5' போலச் சிலவற்றைத் தவிர்த்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. படம் பார்க்கலாம் என்ற ஒரு காரணமே அந்த முதல் சில மாதங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. அப்போது எங்களிடம் இருந்தது விசிடி பிளேயர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அப்பாவோடு நிற்கிறேன். விலையைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது. கடைக்காரர் சட்டென்று, "சார், இதுல டிவிடியும் ஓடும். தனியா பிளேயர் வாங்க வேணாம்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவே படம் ஓடுமாடா?" நான் தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும். "அப்போ சரி, போடுங்க." அவ்வளவுதான்! ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவாஜி படம் அவருக்கு, மிச்ச நேரம் எனக்கு. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இப்படி ஒரு உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கும் என்று நான் சத்தியமாக நம்புகிறேன்.

கேம்கியூப் இங்கேதான் கோட்டை விட்டது. கைக்கடக்கமான, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் மெஷின் அது. ஆனால் நின்டெண்டோ அதற்குத் தனியாக ஒரு குட்டி டிஸ்க்கை வைத்தது. அதில் ஒன்றரை ஜிபிதான் கொள்ளும், படமும் ஓடாது. எக்ஸ்பாக்ஸில் டிவிடி ஓடும், ஆனால் அதற்கென்று ஒரு ரிமோட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிஎஸ்2வில் கையில் இருக்கும் கன்ட்ரோலரே ரிமோட்.

பழைய டிஸ்க்குக்கும் மரியாதை

இரண்டாவது மந்திரத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கும். பிஎஸ்2வில் அதற்கு முந்தைய பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் ஓடும். முதல் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்ற மெஷின். அதை வைத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு டிஸ்க் சேர்த்து வைத்திருந்தார்கள். புது மெஷின் வாங்கினால் அத்தனையும் வீண் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

சோனியின் பொறியாளர்கள் இதைச் செய்த விதம் இருக்கிறதே, அதுதான் அழகு. பிளேஸ்டேஷனின் தந்தை என்று போற்றப்படும் கென் குட்டராகியின் குழு, பழைய பிளேஸ்டேஷனின் பிராசஸரையே எடுத்து பிஎஸ்2வுக்குள் வைத்துவிட்டது. புது கேம் ஓடும்போது அந்தப் பழைய பிராசஸர் கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும். பழைய டிஸ்க்கைப் போட்டால், மறுபடி தன் பழைய வேலைக்கே திரும்பிப் போய் அந்த கேமை ஓட்டும். ஓய்வு பெற்றவரைக் கூப்பிட்டு வேறு பொறுப்பு கொடுத்து, தேவைப்படும்போது பழைய நாற்காலியிலேயே உட்கார வைப்பது போல. சிக்கனமும் உண்டு, மரியாதையும் உண்டு. இப்படி ஒரு யோசனை ஒரு மெஷினுக்குள் இருப்பது தெரிந்த நாளிலிருந்து அதன் மேல் எனக்கு இருந்த பிரியம் இரட்டிப்பானது.

பக்கத்தில் போய்ப் பார்த்தால்

விற்பனைக் கணக்குகளில் வராத சில விஷயங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் போனால் பிஎஸ்2வுக்குத் துரோகம்.

மெஷினை ஆன் செய்ததும் கருநீல மூட்டத்துக்குள் தூண் தூணாக எழுந்து நிற்கும் காட்சி ஒன்று வரும், கவனித்திருக்கிறீர்களா? முதல் நாள் அங்கே எதுவும் இருக்காது. உங்கள் மெமரி கார்டில் நீங்கள் விளையாடிய கேம்களின் கணக்கு ஏற ஏற, அங்கே தூண்கள் முளைக்கும். அடிக்கடி விளையாடும் கேமுக்கு உரிய தூண் உயர்ந்துகொண்டே போகும். நீங்கள் விளையாடிய வரலாறு ஒரு நகரமாக எழுந்து நிற்கிறது! ஒரு கையேட்டிலும் பெரிதாகச் சொல்லாமல், கண்டுபிடிப்பவன் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்த பரிசு அது.

அப்புறம் அந்த டிஸ்க் தட்டின் முகப்பில் இருக்கும் பிளேஸ்டேஷன் முத்திரை. பெட்டியைப் படுக்கையாக வைத்தால் முத்திரை நேராகத் தெரியும். நிமிர்த்தி வைத்தால் சாய்ந்து கிடக்குமே என்று கவலை வேண்டாம். விரலால் லேசாகத் திருப்பினால் அது சுழன்று நேராக வந்து நிற்கும். முதலில் வந்த பெரிய மாடலில்தான் இந்த வசதி. ஒரு சின்ன முத்திரை சாய்ந்து நிற்கக் கூடாது என்று எங்கோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் பாருங்கள்!

கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டூயல்ஷாக் 2. பார்வைக்குப் பழைய கன்ட்ரோலர் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதன் பொத்தான்கள் அழுத்தத்தை உணரும். 'கிரான் டூரிஸ்மோ 3' போட்டு, எக்ஸ் பொத்தானை மெல்ல அழுத்துங்கள். கார் மெல்ல நகரும். முழு பலத்தோடு அழுத்துங்கள். பாய்ந்து போகும். ஈரமான வளைவில் கட்டைவிரலை ஒரு நூல் தளர்த்தி, காரின் பின்பக்கம் வழுக்காமல் பிடித்து வளைத்து வெளியே கொண்டுவரும் அந்த நொடி இருக்கிறதே, அதற்கு ஈடு இணையே கிடையாது. கடைசியில் கட்டைவிரல் நுனி சிவந்து, பொத்தானின் வட்டம் தோலில் பதிந்திருக்கும். விளையாட்டில் ஆழ்ந்துபோன அடையாளம் அது.

2001 என்னும் பொற்காலம்

டிவிடிக்காகவும் பழைய டிஸ்க்குகளுக்காகவும் வீட்டுக்குள் வந்த மெஷினை அங்கேயே குடியமர்த்தியது கேம்கள்தான். 2001ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரான் டூரிஸ்மோ 3, ஃபைனல் ஃபேன்டசி 10, டெவில் மே க்ரை, ஐகோ, சைலன்ட் ஹில் 2, ஜிடிஏ 3, மெட்டல் கியர் சாலிட் 2. அத்தனையும் ஒரே ஆண்டில், ஒரே மெஷினுக்கு! இதில் ஏதாவது ஒன்று மட்டும் வந்திருந்தால்கூட அந்த ஆண்டைக் கொண்டாடியிருக்கலாம்.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சுழற்சி இருக்கிறது. கன்சோல் நிறுவனங்கள் மெஷினில் பெரிதாக லாபம் பார்ப்பதில்லை. சில சமயம் நட்டத்துக்கே விற்கும். விற்கிற ஒவ்வொரு கேமிலும் வரும் பங்குதான் அவர்களின் வருமானம். மெஷின் நிறைய வீடுகளில் இருந்தால் கேம் செய்பவர்கள் அங்கேதான் வருவார்கள். நல்ல கேம் வந்தால் இன்னும் நிறைய வீடுகள் அந்த மெஷினை வாங்கும். சக்கரம் ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் எதிராளியால் நிறுத்தவே முடியாது. பிஎஸ்2வின் எமோஷன் எஞ்சினுக்கு நிரல் எழுதுவது கடினம் என்று கேம் செய்பவர்கள் ஆரம்பத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் அங்கேதானே இருந்தார்கள்! கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்ட பிறகு அந்த 32 எம்பிக்குள் என்னவெல்லாம் செய்து காட்டினார்கள்! 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' விளையாடியவர்களுக்குத் தெரியும். மலை அளவு உயரமான ஒரு ஜீவனின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு, அது உடம்பை உதறும்போது கை நழுவாமல் தொங்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். எத்தனையோ புது மெஷின்களில் விளையாடிவிட்டேன். அந்த அடிவயிற்றுச் சிலிர்ப்பை இன்னும் எதுவும் தரவில்லை.

பெரிய கேம்களின் ஆட்டம் ஒரு பக்கம். கேமே பிடிக்காதவர்களை உள்ளே இழுக்கும் வேலை இன்னொரு பக்கம் நடந்தது. 2003இல் ஐடாய் என்றொரு கேமரா வந்தது. டிவி மேல் வைத்தால் நம் உருவம் திரையில் தெரியும், கையை வீசியே விளையாடலாம். 2004இல் சிங்ஸ்டார் வந்தது. மைக்கைப் பிடித்துப் பாட வேண்டும். 2005இல் பஸ் வந்தது, பெரிய சிவப்புப் பொத்தானைத் தட்டிப் பதில் சொல்லும் வினாடி வினா. அதே 2005இல் கிட்டார் ஹீரோ. கன்ட்ரோலரைக் கண்டாலே ஒதுங்கிப்போகிறவர்கள் மைக்கைக் கண்டால் ஒதுங்குவார்களா? ஐரோப்பாவில் சிங்ஸ்டார் ஓடாத பார்ட்டியே இல்லை என்னும் அளவுக்கு அது பரவியது.

நம் மண்ணுக்கும் வந்தது

நம் பக்கம் பிஎஸ்2வுக்கு இருந்த செல்வாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈஏ ஸ்போர்ட்ஸ் 2006 கடைசியில் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' கம்ப்யூட்டருக்கும் பிஎஸ்2வுக்கும் மட்டும்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கியவர்களுக்கு அது கிடையாது. புதுசாக வந்த பிஎஸ்3க்கும் கிடையாது. ஒரு கிரிக்கெட் ரசிகனுக்கு இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்? வலது குச்சியைத் தள்ளினால் பேட் சுழலும் அந்த ஆட்ட முறை கைக்குப் பழகிவிட்டால் விடவே முடியாது. கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பையன்கள் டெஸ்ட் மேட்ச்சையே உட்கார்ந்து ஆடி முடித்திருக்கிறார்கள். பிரவுசிங் சென்டர்களில் ஓரமாக ஒரு டிவியையும் பிஎஸ்2வையும் வைத்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். சொந்தமாக மெஷின் வாங்க வசதி இல்லாத எத்தனையோ பையன்களுக்கு கேம் உலகத்தின் கதவைத் திறந்துவிட்டவை அந்த சென்டர்கள்.

2009இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. ஹைதராபாதில் இருந்த ஆரோனா டெக்னாலஜிஸ் பிஎஸ்2வுக்காகச் செய்தது. இந்தியாவிலேயே முழுக்க உருவான முதல் கன்சோல் கேம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதே ஆண்டு கபடி, பட்டம், கிட்டிப்புள் என்று நம் விளையாட்டுகளைச் சேர்த்து 'தேசி அட்டா' வந்தது. யோசித்துப் பாருங்கள். மெஷின் வெளியாகி ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது, பிஎஸ்3 வந்தே மூன்று ஆண்டு. அந்த நேரத்தில் இந்தியாவுக்கென்று புது கேம் செய்ய முன்வந்தவர்கள் தேர்ந்தெடுத்தது பிஎஸ்2வைத்தான். ஏனென்றால் இங்கே வீடுகளில் இருந்தது அதுதான்.

விலையும் அதற்கு ஏற்றபடி இறங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலர், 2002இல் 199, 2009இல் 99 டாலர். இதற்கிடையே 2004இல் மெலிந்த மாடல் வந்தது. ஒரு புத்தகம் அளவுக்கு ஒல்லி! முதல் நாள் வாங்கியவர் வேறு, 99 டாலருக்காகக் காத்திருந்து வாங்கியவர் வேறு. ஒவ்வொரு விலையிலும் ஒரு புதுக் கூட்டம் உள்ளே வந்தது.

நல்ல மெஷின்களும் தோற்றன

விற்காத மெஷின்கள் எல்லாம் மோசமானவை என்று நான் சொல்லவே மாட்டேன். சேகாவின் ட்ரீம்காஸ்ட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். 1998 நவம்பரில் ஜப்பானில் வந்தது, அதாவது பிஎஸ்2வுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே. உள்ளேயே மோடம் வைத்து இன்டர்நெட்டில் விளையாட வைத்தது. அதன் மெமரி கார்டிலேயே ஒரு குட்டித் திரை இருந்தது! 'சோல்காலிபர்' கேமை அதில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் விற்றது சுமார் 91 லட்சம்தான். 2001 மார்ச்சில் சேகா அதை நிறுத்திவிட்டு, கன்சோல் செய்யும் தொழிலையே விட்டுவிட்டது.

இத்தனை அருமையான மெஷின் ஏன் தோற்றது? நம்பிக்கை போய்விட்டிருந்தது. அதற்கு முந்தைய மெஷினான சாட்டர்னை 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் ஈ3 கண்காட்சியில், "இன்றைக்கே கடையில் கிடைக்கும், விலை 399 டாலர்" என்று சேகா திடீரென அறிவித்தது. செப்டம்பரில்தான் வரும் என்று காத்திருந்த கடைக்காரர்களும் கேம் செய்பவர்களும் ஏமாந்துபோனார்கள். சரக்கு கிடைக்காத சில கடைகள் சேகாவோடு வியாபாரமே வேண்டாம் என்று ஒதுங்கின. அதே கண்காட்சியில் முதல் பிளேஸ்டேஷனின் விலையைச் சொல்ல சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். "299" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அரங்கம் அதிர்ந்தது. கேம் உலகத்தின் ஆகச் சிறந்த மேடைப் பேச்சு என்று நான் அதைத்தான் சொல்வேன்! அந்தப் பழைய காயத்தை ட்ரீம்காஸ்ட் வரை சேகா சுமந்தது. ஈஏ நிறுவனம் ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை. கால்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்கள் அப்படியே போய்விட்டார்கள். மிச்சம் பேர், டிவிடியோடு பிஎஸ்2 வருகிறதாமே, பொறுத்திருப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

வேறு மெஷின்களிலும் இதே விதி

விளையாடாதவருக்கும் பதில் சொல்லும் மெஷினே விற்கும் என்றேன் அல்லவா? நின்டெண்டோவின் கதையிலும் அதைப் பார்க்கலாம். 1989இல் வந்த கேம் பாய், குன்பே யோகோயின் குழு செய்தது. பச்சை படிந்த கறுப்பு வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு கிடையாது. எதிரே வந்த சேகாவின் கேம் கியரில் கலர் திரை, பளிச்சென்று வெளிச்சம். ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேலே ஓடும். பேட்டரி வாங்கிக் கொடுப்பது யார்? அம்மாவும் அப்பாவும்தானே! அமெரிக்காவில் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் கேமும் வந்தது. பிள்ளை தூங்கிய பிறகு பெரியவர்கள் எடுத்து விளையாட ஆரம்பித்தார்கள். கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி நின்றுவிட்டது.

2006இல் வந்த வீ இன்னும் ஒரு படி மேலே. ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் போதும், டென்னிஸ், பௌலிங் எல்லாம் ஆடலாம். 'வீ ஸ்போர்ட்ஸ்' அமெரிக்காவில் மெஷினோடேயே வந்தது. முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டி நடத்தினார்கள் என்றால் பாருங்கள்! 10 கோடிக்கு மேல் விற்றது. ஆறு வருஷம் கழித்து அதே நிறுவனம் வீ யூ கொண்டுவந்தபோது, பலருக்கு அது புது மெஷினா, பழைய வீக்கு ஒரு உதிரியா என்றே புரியவில்லை. 1 கோடியே 35 லட்சத்தோடு முடிந்தது. அதன் பின் 2017 மார்ச்சில் ஸ்விட்ச். டிவியில் சொருகி விளையாடலாம், உருவிக் கையிலும் எடுத்துக்கொள்ளலாம். ஹாலில் சீரியல் ஓடும் வீடுகளில் இதன் அருமை தெரியும். ரிமோட்டுக்காகச் சண்டையே இல்லை!

சோனியும்கூட ஒருமுறை இந்த விதியை மறந்தது. 2006இல் பிஎஸ்3யை 499, 599 டாலருக்கு விட்டது. எத்தனை சக்தி இருந்து என்ன? 2007இல் அமெரிக்காவில் பிஎஸ்3யைவிட பிஎஸ்2தான் அதிகம் விற்றது. புது மெஷினைப் பழைய மெஷின் தோற்கடித்தது! பாடம் கற்றுக்கொண்ட சோனி, 2013இல் பிஎஸ்4ஐ 399 டாலருக்கு விட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499. பழைய டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வரும் என்று மைக்ரோசாஃப்ட் முதலில் சொன்னபோது, சோனி ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. கேமை எப்படிப் பகிர்வது? ஒருவர் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார். அவர் நன்றி சொல்கிறார். அவ்வளவுதான் வீடியோ. மைக்ரோசாஃப்ட் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிஎஸ்4 11 கோடியைத் தாண்டிப் போனது.

ஆகவே, புதிதாக கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டெராஃபிளாப்ஸ் என்னும் வேகக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். டிவி யார் கையில் இருக்கிறது? இரண்டாவது கன்ட்ரோலரை யார் எடுப்பார்கள்? நண்பர்களிடம் எந்த மெஷின் இருக்கிறது? நீங்கள் விரும்பும் கேம் எதில் வருகிறது? இந்த நாலுக்கும் நல்ல பதில் சொல்கிற மெஷினை வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள்.

வீட்டுப் பரணில் பழைய பிஎஸ்2 கிடக்கிறதா? தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசி தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது, சில ரூபாயில் மாற்றிவிடலாம். டிஸ்க் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் லென்ஸில் அழுக்கு, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் துடைத்துத் தருவார். புது டிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயருக்கு இடம் இல்லை என்றால் எச்டிஎம்ஐ அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. பிறகு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கன்ட்ரோலரை அவர்களிடம் கொடுங்கள். 16 கோடி பேர் இதை ஏன் வாங்கினார்கள் என்று அவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.